கருகாத காயில்கள்

என் புருஷனுக்குக் கை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை என்பது எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி ஓட வைத்துக் கொடுப்பார். நான் வேலை பார்ப்பது ஒரு சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரி, விடுதிகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை மொத்தமாகத் துவைத்துக் கொடுக்கும் இடம். அங்கே ஈரத்துணியைச் சுழற்றிப் பிழிகிற பெரிய எந்திரம் என் பொறுப்பு. வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை. திமிர் என்பார்கள். ஆமாம், திமிர்தான். ரத்தமும் வாந்தியுமாக வருகிற அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும் மூலையில் ஆரம்பித்து, விரல் இடுக்கெல்லாம் வெந்து, அங்கிருந்து அந்த எந்திரம்வரை வந்து சேர்ந்தவள் நான்.

அன்று காலை எந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இஸ்திரிப் பக்கத்து விளக்குகள் மட்டும் அணைந்தன. எந்திரத்தின் சத்தமும் மாறியது. எப்போதும் வரும் ரீங்காரம் போய், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஓர் உறுமல். உடனே சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டேன். வைண்டிங் கடைக்காரர் பெண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது? மோட்டாருக்கு மூன்று கம்பியில் கரண்ட் வருகிறது. அதில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் மற்ற இரண்டும் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் உறுமிக்கொண்டே ஓடிச் சூடேறும். நின்றுவிட்ட மோட்டாரோ கிளம்பவே கிளம்பாது. வற்புறுத்தினால் நின்ற இடத்திலேயே வெந்துபோகும்.

முதலாளி ஓடிவந்தார்.

"ஏம்மா நிறுத்தினே?"

"ஒரு ஃபேஸ் போயிடுச்சுங்க. அங்க பாருங்க, லைட்டும் போச்சு."

"பல்பு அணைஞ்சா மோட்டாரை நிறுத்துவாங்களா? ஆஸ்பத்திரி வண்டி இப்ப வந்து நிக்கும். தள்ளு."

என்னை விலக்கிவிட்டு அவரே பச்சை பட்டனை அமுக்கினார். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி அமுக்கினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். காது கேட்டால்தானே! அடுத்த முறை அடியிலிருந்து புகை கிளம்பியது. கருகிய வாடை கூடம் முழுக்கப் பரவி, எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவர் கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார்.

"பாருங்க, துணியைத் திணிதிணின்னு திணிச்சு வெச்சிருக்கா. ஓவர்லோடு. எப்படிச் சுத்தும்?"

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்தா தெரியும்ங்க" என்றேன்.

"பிரிக்கப் போறது உன் வீட்டுக்காரர்தானே? அவரே வந்து சொல்லட்டும். ஓவர்லோடுன்னு அவர் வாயால சொன்னா, நீ பழையபடி அழுக்கு மூட்டைப் பக்கம் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். கூடத்திலிருந்து வந்திருந்த மோட்டாரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். யாருக்கும் விளங்கும்படி இருந்தது. ஒரு காயில் கற்றை கரிக்கட்டை, அடுத்த இரண்டும் வார்னிஷ் பளபளப்பு மாறாமல் அப்படியே, மறுபடி ஒன்று கரி, மறுபடி இரண்டு பளபளப்பு. சுற்றிலும் அதே வரிசை. பாரம் தாங்காமல் எரிந்திருந்தால் எல்லாக் கற்றையும் அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடிபோல ஒரே மாதிரி கறுத்திருக்கும். இது ஒரு ஃபேஸ் இல்லாமல் எரிந்தது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"நாளைக்கு வந்து இதை அப்படியே சொல்லுங்க. அந்த ஆள் மூஞ்சி போற போக்கை நான் பார்க்கணும்."

அவர் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமா, அங்க பிரிவென்டர் இருக்கே. ஒரு ஃபேஸ் போனாலே அது லைனை வெட்டி விட்டிருக்கணுமே? நீங்கதானே மாட்டினீங்க?"

"மாட்டினேன்."

"அப்புறம்?"

"அடிக்கடி ட்ரிப் ஆகுது, வேலை கெடுதுன்னு உங்க முதலாளி கூப்பிட்டு விட்டாரு. லைன்லதான் கோளாறுன்னு சொன்னேன். கேக்கலை. அது வெட்டினாலும் கரண்ட் போற மாதிரி பிரிவென்டருக்குக் குறுக்க ஒரு ஒயரைப் போட்டு விட்டுட்டேன். பாரம் கூடினா நிறுத்துற ஓவர்லோடு ரிலேயையும் வெட்டாதபடி கடைசிவரை ஏத்தி வெச்சுட்டேன்."

அந்தப் பெட்டி வெறும் அலங்காரத்துக்குச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் அதன் பச்சை விளக்கைப் பார்த்து, காவல் இருக்கிறது என்று நம்பி அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஃபேஸ் போச்சுன்னு நான் சொன்னா, பிரிவென்டர் என்னாச்சுன்னு கேப்பாங்க" என்றார். "ஒயரைப் போட்டது நான்தான்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் எவன் என்னை நம்பி மோட்டாரைத் தருவான்? ரெண்டு பேர் பொழப்பும் போகணுமா? உனக்கு வேலை போகலையே, இடம்தானே மாறுது."

"அந்த மூலையில நீங்க ஒரு நாள் நின்னு பார்த்திருக்கீங்களா?"

மறுபடி கம்பியை வெட்டக் குனிந்தார். என்ன இருந்தாலும் அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு நாக்கு வராது என்று நினைத்தேன். பைத்தியக்காரி.

மறுநாள் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். முதலாளி கேட்டார். என் புருஷன் எந்திரத்தைப் பார்த்தபடி, "ஓவர்லோடு மாதிரிதாங்க தெரியுது" என்றார். நாக்கில் நரம்பில்லாத மனுஷன்.

"பொய்!" என்று கத்தினேன். "மூணுல ரெண்டு காயில் புதுசா இருக்கு. ஓவர்லோடுல அப்படி எரியுமா? பிரிவென்டருக்குக் குறுக்க ஒயரைப் போட்டதே இவர்தான். போடச் சொன்னது நீங்க. பச்சை பட்டனை அமுக்கி அமுக்கி எரிச்சதும் நீங்க!"

முதலாளி என் புருஷனின் தோளில் கை போட்டுச் சிரித்தார். "என்னப்பா, நேத்து ராத்திரி வீட்டுல பலத்த சண்டையா? அதையெல்லாம் இங்கயா கொண்டு வர்றது?"

சிரித்தார்கள். இஸ்திரி போடுகிறவர்கள், மடிக்கிறவர்கள், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவர்கள் எல்லாரும். என் புருஷனும் சிரித்தார். அசட்டுச் சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. நான் சொன்ன அத்தனையும் குடும்பச் சண்டையாகப் போய்விட்டது.

வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். எங்கே போவது? அந்த வீட்டுக்கா? கையுறையை மாட்டிக்கொண்டு அழுக்கு மூட்டைகளிடம் போனேன்.

மோட்டார் தயாரானதும் அவரே கொண்டுவந்து பொருத்தினார். எரிந்ததில் முதலாளிக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருக்க வேண்டும். குறுக்கு ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுப் பிரிவென்டர் வைக்கச் சொல்லியிருந்தார். எந்திரத்தை ஓடவிட்டு, சோதித்துக் காட்ட என் புருஷன் ஒரு ஃபேஸின் ஃப்யூஸை உருவினார். டக் என்று மோட்டாருக்குப் போகிற கரண்ட் அறுந்தது. உறுமல் இல்லை, புகை இல்லை. எந்திரம் தன்பாட்டில் சுற்றி ஓய்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கெட்டிக்காரர் என்று முதலாளி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பாராட்டினார்.

கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு என் மூலைக்கு வந்தார். முகத்தில் வேலை நன்றாக முடிந்த சந்தோஷம். சமாதானம் பேச இதுதான் நேரம் என்று நினைத்திருப்பார்.

"பார்த்தியா, எப்படி நின்னுச்சுன்னு? இனிமே பயமில்லாம ஓட்டலாம்."

"யாரு?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி எந்திரத்தைப் பார்த்தார். அங்கே மடிப்பு மேசையிலிருந்து வந்த வேறொருத்தி ஈர விரிப்புகளை உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தேன். நாற்றம் தாங்காமல் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.