தலைமைக் குருவி

வீட்டார் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்பட்டது என்னவென்றால், மனிதகுலம் இதுவரை கண்டிராத ஒற்றுமை ஒன்று மேல்மாடி பால்கனியில் நிறுவப்படவிருக்கிறது. அறிவித்தவர் ஓய்வுபெற்ற மேனேஜர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மனைவி, மகன், மருமகள்.

மகனும் மருமகளும் தனிவீடு பார்த்துவிட்டார்கள். மனைவியும் 'கொஞ்ச நாள்' அவர்களோடு இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாளைக்கு எதற்கு வீட்டிலுள்ள போர்வையெல்லாம் மூட்டை கட்டுகிறாள் என்பது மட்டும் மேனேஜருக்கு விளங்கவில்லை.

"விதவிதமான குருவிங்களை ஒரே கூண்டுல சண்டையில்லாம வாழ வெச்சுக் காட்டுறேன். காட்டிட்டா யாரும் எங்கயும் போகக் கூடாது."

"சரிப்பா," என்றான் மகன். ஜெயிக்கிற பந்தயத்தை யார்தான் விடுவார்கள்?

கடையில் ஃபிஞ்ச் குருவிகளுக்கு நேர்முகத் தேர்வே நடந்தது. ஸீப்ரா ஃபிஞ்ச்: வாய் ஓயாது, ஆனாலும் உழைப்பாளி. பெங்காலி ஃபிஞ்ச்: ஒரே கூட்டில் நெருக்கியடித்துத் தூங்கும் பரம சாது, சங்கம் கிங்கம் என்று கிளம்பாது. கோல்டியன்: ஏழு வண்ண அழகு, கூச்ச சுபாவம், வருகிறவர்களுக்குக் காட்ட ஆகும்.

"இதோட நிறுத்திக்கலாம் மாமா. பெரிசையும் சிறுசையும் கலக்காதீங்கன்னு கடைக்காரர் சொல்றாரே," என்றாள் கூட வந்த மருமகள்.

"தலைமை இல்லாத இடம் உருப்படுமாம்மா?"

ஒரு ஜாவா குருவியை வாங்கினார். தடித்த அலகு, வெள்ளைக் கன்னம், சாம்பல் நிறக் கோட்டு. அவருக்கு ஏனோ அதைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

தலைமை உடனே பொறுப்பேற்றது. தீனித் தட்டின் நடுவில் சம்மணமிடாத குறையாக உட்கார்ந்து, கிட்டே வந்ததையெல்லாம் கொத்தி விரட்டியது. பெங்காலிகளை அவற்றின் கூட்டிலிருந்தே வெளியேற்றியது. கோல்டியன் வால் இறகைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் ஒண்டியது. மேனேஜர் இன்னொரு தட்டு வைத்தார். அதையும் தலைமையே மேற்பார்வை பார்த்தது.

"ஒழுங்குபடுத்துது," என்றார்.

"பட்டினி போட்டா?" என்றாள் மனைவி, மூட்டையை இறுக்கியபடி. "எங்கயோ பாத்த மாதிரியே இருக்குங்க."

மருமகள் கூண்டுக்குள் கைவிட்டு ஜாவா குருவியைப் பிடித்தாள். சின்னக் கூண்டொன்றில் போட்டு, பால்கனியை ஒட்டிய மாடியறையில் வைத்தாள். பொழுது சாய்வதற்குள் மற்றவை தட்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தின்றன. பெங்காலிகள் கூட்டுக்குள் அடைந்தன. கோல்டியன்கூட வாலில்லாமலே ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தது.

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீங்களா ஒத்துமையை? ஜெயிச்சது யாரு? சொன்ன சொல் சொன்னதுதான், யாரும் போகக் கூடாது!"

மூவரும் பெரிய கூண்டைப் பார்த்தார்கள். பிறகு மாடியறைப் பக்கம் பார்த்தார்கள். அப்புறம் அவரைப் பார்த்தார்கள்.

"நாங்க ஏன் மாமா போறோம்?" என்றாள் மருமகள், தேன் ஒழுக. "அதான் வழி தெரிஞ்சுபோச்சே."

மனைவி மூட்டையை அவிழ்த்து ஒரே ஒரு போர்வையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

ஜாவா குருவி இப்போது மாடியறையில் இருக்கிறது. மேனேஜரின் கட்டிலும் அங்கேதான்.