மகாராணியின் எந்தக் கால்?

அன்று காலையிலிருந்தே சவாரி டீச்சர் வாசலுக்கும் லாயத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். குதிரை டாக்டர் வரும் நாள். மகாராணி இனிமேல் முதுகில் ஆளை ஏற்றுமா, ஏற்றாதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

மகாராணி, லாயத்தின் கடைசி அறையில் நிற்கும் செம்பழுப்புக் குதிரை. போன வாரம் ஒரு தடையைத் தாண்டி இறங்கியதிலிருந்து நொண்டுகிறது. வலது முன்னங்காலில், குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்பக்கம், எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். டீச்சர் தினமும் அந்தக் காலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டு, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

சவாரிப் பள்ளியில் பாதி அவளுடையது, மீதி அவள் நாத்தனாருடையது. நாத்தனாருக்கு வாய்தான் நீளம், மனசு வெள்ளை.

"அண்ணி, முன்னாடியே சொல்லிடறேன். தேறாதுன்னு டாக்டரம்மா சொன்னா, அந்தக் குதிரைப் பண்ணைக்காரர் கேட்டபடி குட்டி போட அனுப்பிடணும். அப்புறம் கண்ணக் கசக்கக் கூடாது."

"தேறிட்டா?"

"தேறி, நீங்க ஏறி உக்காந்தா, அன்னிலேர்ந்து ஒரு மாசம் அது போடற லத்திய நானே அள்றேன். போதுமா?"

குதிரை டாக்டர் குட்டையான மனுஷி. சட்டைப் பை நிறைய கேரட். வந்ததும் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். வீக்கத்தை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"கல்லுத் தரையில ஓட்டிக் காட்டுங்க."

நாத்தனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடினாள். மகாராணி தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடியது.

"எந்தக் கால்னு சொன்னீங்க டீச்சர்?"

"வலது."

"காலப் பாக்காதீங்க. தலையப் பாருங்க. எப்பத் தூக்குது?"

டீச்சர் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. நோகிற கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கிக்கொள்ளும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். பிள்ளைகளுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த பாடம் இது. மகாராணி இடது கால் படும்போதெல்லாம் தலையைத் தூக்கிற்று. தன் குதிரை என்று வந்ததும் கண் அந்த வீக்கத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அது மூட்டுல நீர் சேர்ந்த வீக்கம். வயசான குதிரைக்கு வரும். வலிக்காது," என்றாள் டாக்டர்.

நாத்தனார் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு வாரமா நல்ல காலுக்கா அண்ணி வைத்தியம் பாத்தீங்க? எங்கண்ணனுக்குத் தலைவலின்னா முட்டிக்குத் தைலம் தேய்ப்பீங்க போலிருக்கே!"

டாக்டர் இடது காலைத் தூக்கி மடக்கி, கட்டைவிரலால் எலும்பின் பின்புறம் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் மகாராணி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. அங்கே மரத்துப்போக ஓர் ஊசி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட்டினார்கள். தலை ஆடவே இல்லை.

"ஒரே ஊசியில சரி பண்ணிட்டீங்களே டாக்டரம்மா!" என்றாள் நாத்தனார்.

"எங்க சரியாச்சு? மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான். வலி இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஊசி."

பிறகு அந்த இடத்து முடியை மழித்து, பசை தடவி, ஸ்கேன் கருவியை வைத்தாள். மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார், வாரிவிட்ட நரைமுடி போலத் திரையில் தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு பொத்தல்.

டீச்சர் திரையை நெருங்கிக் குனிந்தாள். "ஏற முடியுமா?"

"அறுந்து போகல. கொஞ்சம் இழை விட்டுப்போயிருக்கு. ஏறலாம், ஆனா இப்ப இல்ல. அதோட ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டுப் பிரிச்சு, அந்த எடத்துல ஊசியாப் போடறேன். அறையில ஓய்வு, அப்புறம் கையில புடிச்சு நடை. கொஞ்ச நாள்ல நொண்டல் நின்னுடும். அப்ப ஏறித்தான் எல்லாரும் கெடுத்துக்கிறாங்க. சரியாயிடுச்சுன்னு குதிரை சொன்னா நம்பாதீங்க. ஸ்கேன் சொன்னா நம்புங்க."

"அப்ப வலது கால் கட்டுத் துணியத் தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"ஐயோ, வேண்டாம்! அந்தக் காலுக்கும் கட்டணும். இனிமே அதுதானே பாரம் தாங்கப் போகுது?"

டீச்சர் நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். நாத்தனார் அவசரமாகக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

டாக்டர் சொன்னபடியே நொண்டல் சீக்கிரம் நின்றுவிட்டது. மகாராணி அறைக்கதவை உதைத்தது, வாளியைக் கவிழ்த்தது. "ஒரு சுத்து போனா என்ன அண்ணி?" என்று நாத்தனாரே கேட்டாள். டீச்சர் சேணத்தை எடுத்து, துடைத்து, மறுபடி ஆணியிலேயே மாட்டினாள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு நடந்தாள். தினமும் இப்படி நடந்து நடந்து, அவள் இடுப்புதான் முதலில் இளைத்தது.

மழைக்காலம் போய் வெயில் வந்தபின் டாக்டர் மறுபடி வந்தாள். திரையில் பொத்தல் இருந்த இடம் வெள்ளையாக நிரம்பியிருந்தது.

"ஓட்டிக் காட்டுங்க."

நாத்தனார் ஓட்டினாள். இந்தத் தடவை டீச்சர் காலையும் பார்க்கவில்லை, தலையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கல்லுத் தரையில் டக், டக், டக், டக் என்று ஒன்றுபோலக் கேட்டது. ஓர் அடி அழுத்தம், ஓர் அடி லேசு என்றில்லாமல், எல்லாம் ஒரே சத்தம்.

"ஏறுங்க டீச்சர். நடை மட்டும்தான்," என்று சொல்லி டாக்டர் கடைசிக் கேரட்டை மகாராணிக்குக் கொடுத்தாள்.

டீச்சர் சேணத்தில் உட்கார்ந்ததும் உயரம் புதிதாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மகாராணி நாலடி நடந்து நின்று, வாலைத் தூக்கி லத்தி போட்டது.

"வேணும்னே பண்றா அண்ணி இவ!" என்று கத்திக்கொண்டே நாத்தனார் மண்வெட்டியைத் தேடிப் போனாள்.