ரோவேனாவின் ஏழாம் வகுப்பு

எழுந்திருக்கிறேன். நேற்றைய சோற்றைப் பூண்டு போட்டு வறுக்கிறேன். ஒரு முட்டை. மேலே கொஞ்சம் வினிகர். பாதியைச் சாப்பிட்டு மீதியை டப்பாவில் அடைக்கிறேன். காலுறை இரண்டு ஜோடி, அதன் மேல் பூட்ஸ். பஸ் வருகிறது. தொழிற்சாலையில் கம்பி வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு வரிசையில் என் இடத்தில் நிற்கிறேன். பன்றியின் முன்தொடை ஒன்று வருகிறது. எலும்பை எடுக்கிறேன். அடுத்தது வருகிறது.

என் பெயர் நெஸ்டர். பிலிப்பைன்சில் ரோஹாஸ் நகரத்து அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ரோவேனா என் மனைவி. அவளும் கணக்கு டீச்சர்தான். கனடாவில் வின்னிபெக் வந்த மூன்றாவது குளிர்காலத்தில், ஜனவரியில், இறந்துபோனாள். அவள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே நான்கு வருடப் பட்டம். வகுப்பில் முதல் ஆள் நான். நுண்கணிதப் பரீட்சைக்கு முந்தின வாரம் முழுக்க என் நோட்டை வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்படித்தான் பழக்கம். தேறியதும் அவள் அம்மா எனக்கு ஒரு கோழி கொடுத்தனுப்பினார்.

இங்கே வந்ததும் இரண்டு பேர் சான்றிதழ்களையும் ஒன்றாகவே மதிப்பீட்டுக்கு அனுப்பினோம். முடிவும் ஒரே நாளில் வந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் போனைப் பார்த்தபடி சமையலறையில் நின்றாள்.

"உனக்கு என்ன போட்டிருக்காங்க?" என்றேன்.

"நீ முதல்ல சொல்லு."

"ரெண்டு வருஷம் காலேஜ் படிச்சதுக்குச் சமம்னு. தப்பா அனுப்பிட்டாங்கபோல. உனக்கு?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கும் ஏதோ போட்டிருக்காங்க."

"ஏதோன்னா?"

"மூணு வருஷப் பட்டம்."

தப்பாக அனுப்பவில்லை. கேட்டு எழுதினேன், ஒரு வரியில் பதில் வந்தது. பள்ளிப் படிப்பையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். இங்கே பள்ளி பன்னிரண்டு வருடம். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் நாட்டில் பத்து. ஆரம்பப் பள்ளி ஆறு, உயர்நிலை நான்கு. ஆனால் ரோவேனாவின் அம்மா கன்னியாஸ்திரி மடத்தில் சமையல் வேலை செய்தார். மடத்துப் பள்ளியில் மகளுக்கு இலவசமாக இடம் கொடுத்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் படிக்கும் அந்தப் பள்ளியில் ஆரம்பப் பள்ளி ஏழு வருடம். ஆக அவளுக்குப் பதினொன்று, எனக்குப் பத்து.

"அந்த ஏழாங்கிளாஸ்ல அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"குறுக்குத்தையல்."

"நிஜமாச் சொல்லு."

"நிஜமாத்தான். பாவாடை விலகாம உக்கார்றது எப்படி, மஞ்சக்கரு உடையாம முட்டையப் பிரிக்கிறது எப்படி. வருஷக் கடைசில பிஷப் வந்தாரு, கை தட்டினோம்."

"கணக்கு?"

"பின்னம். ஆறாங்கிளாஸ்ல நடத்தினதையே திரும்ப நடத்தினாங்க. சிஸ்டருக்கு அதுக்கு மேல தெரியாது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தன் ஏழாவது வருடத்தில் முட்டை பிரித்துக்கொண்டிருந்தாள்; நான் என் ஏழாவது வருடத்தில் உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதம் போட்டுக்கொண்டிருந்தேன். முந்திப் படித்ததற்குத் தண்டனை எனக்கு.

மூன்று வருடப் பட்டத்தை வைத்து அவள் பல்கலைக்கழகத்தில் சில பாடங்களை மட்டும் சேர்த்துப் படித்தாள். என் இரண்டு வருடத்தைப் பார்த்து என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது நான் இரவுப் பணியில் இருந்தேன். நான் வந்து படுக்கும்போது அவள் புத்தகத்தோடு எழுந்திருப்பாள். சந்தேகம் கேட்பாள். சொல்லிக் கொடுப்பேன். எல்லாவற்றிலும் தேறினாள். உரிமம் வந்தது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் வேலையும் வந்தது.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார் என்றால் செத்தாலும் 'சார்'தான், 'மேம்'தான். ரோஹாஸில் மீன்காரி என்னைச் 'சார்' என்பாள். முடிவெட்டுபவர் 'சார்' என்பார். என் சொந்தச் சித்தப்பாவே நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார். விமானம் இறங்கியதும் இரண்டு பேரிடமிருந்தும் அது கழன்று விழுந்துவிட்டது. அப்போது வருத்தம் சமமாக இருந்தது. அவளுக்கு வேலை கிடைத்த வாரம் தீத்தா பெபாங்கின் பிறந்தநாள். தீத்தா என்றால் அத்தை; எங்கள் கோவில் பெண்களுக்கெல்லாம் தலைவி அவர்.

வாசலிலேயே கையை விரித்தார். "வாங்க ரோவேனா மேம்! எல்லாரும் எழுந்திருங்கடி, மேம் உக்காரட்டும். நூடுல்ஸ் எடுத்துப் போடு, நீளமா எடு, வெட்டாதே, ஆயுசு குறையும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நெஸ்டர், கார்ல ஐஸ்பெட்டி இருக்கு, தூக்கிட்டு வாப்பா. உனக்குத்தான் தொழிற்சாலைக் கை."

தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே யாரோ தன் பையனைப் பற்றி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'மேம் என்ன சொல்றீங்க, மேம்?' அவள் ஒரு காலை மறுகாலோடு ஒட்டி வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். பாவாடை விலகவில்லை.

திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள்.

"சார் வாயைத் திறங்க சார்."

"அப்படிக் கூப்பிடாத."

"ஏன், நல்லாத்தானே இருந்துச்சு உனக்கு."

"உன் வாயால வேணாம்."

சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "பெரியவங்க பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. பன்னிரண்டாங்கிளாஸ் கணக்கு. நுழைவுத் தேர்வுல நல்லா எழுதினா நடுவுலேயே சேத்துக்குவாங்க. அதுக்கப்புறம் பல்கலைக்கழகத்துல உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"நான் நடத்தின பாடத்தை நானே போய்ப் படிக்கணுமா?"

"படிக்க வேணாம். உனக்குத் தெரியும்ங்கிறது அவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"சின்னப் பசங்களோட?"

"சின்னப் பசங்க, பெரியவங்க, யாரோ. நீ என்ன அவங்களக் கல்யாணமா பண்ணிக்கப்போற?"

"குறுக்குத்தையல் போட்டவளுக்கு மேஜை நாற்காலி. கணக்குப் போட்டவனுக்குப் பன்றித் தொடை."

சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத்தான் மாதக்கணக்காக மனதில் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

"அந்த ஏழாங்கிளாஸைக் கழட்டிக் குடுக்க முடிஞ்சா குடுத்திருப்பேன் நெஸ்டர். எனக்கு அது பெருசா ஒண்ணும் செய்யல. பணக்காரப் பொண்ணுங்க என்னைச் சமையக்காரி மகள்னு கூப்பிட இன்னொரு வருஷம், அவ்வளவுதான். பொறாமைப்படு, நான் வேணாம்னு சொல்லல. பொறாமைப்பட்டுக்கிட்டே போய் எழுது."

நான் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போக மாட்டேன் என்றேன். கிறிஸ்துமஸ் முழுக்க அதையேதான் சொன்னேன். அவள் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். தேர்வு நாளை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள்.

அந்த நாள் காலையில் நான் சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அவள் கதவருகே நின்று ஏதோ சொன்னாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்துத் தேர்வுக்குப் போனேன்.

அவளுக்காகப் போகவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் முழு மதிப்பெண்ணை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சோறு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

வாசலில் போன்களை வாங்கி ஒரு பெட்டியில் வைத்தார்கள். இருபது வயதுப் பையன்கள் சிலர், உக்ரைன்காரப் பாட்டி ஒருவர், நான். கேள்விகள் சுலபம். ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை, முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். ஓரத்தில் அதை எழுதி, எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் எழுதி, அதற்கு விடையும் எழுதினேன். நெடுநாளைக்குப் பிறகு மகிழ்ச்சியாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில்தான் நெடுஞ்சாலையில் பனிக்கட்டி மேல் ஒரு லாரி சறுக்கியது என்று பிறகு தெரிந்தது.

அங்கேயே திருத்தினார்கள். எல்லாம் சரி. திருத்திய பெண் ஓரத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்க வாத்தியாரா இருந்தீங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

பெட்டியிலிருந்து போனை எடுத்தேன். நிறைய அழைப்புகள் வந்திருந்தன.

அடக்கத்துக்கு அவள் பள்ளியே வந்தது. தலைமையாசிரியர் பேசினார். பிள்ளைகள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள். ஜெப அட்டையில் தீத்தா பெபாங் 'ரோவேனா மேம்' என்றே அச்சடித்திருந்தார். சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி என் மேல் வந்திருந்தால் என்ன அச்சடித்திருப்பார்கள் என்று யோசித்தேன். நெஸ்டர். வெறும் நெஸ்டர். அப்போது எனக்கு அழுகை வரவில்லை, அந்த நினைப்புதான் வந்தது.

பிறகு ஒன்பது நாள் ஜெபம் எங்கள் வீட்டில். பெண்கள் சோறும் கேக்கும் கொண்டுவந்தார்கள். முதல் நாளே தீத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்னப்பா சொன்னா? உன்னைத்தான் நெனச்சிருப்பா."

"சொல்ல முடியல பாவம்," என்று பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். ஜெபம் முடிகிற நாளுக்குள் ரோவேனாவின் கடைசி வார்த்தை முடிவாகிவிட்டது. 'ஆண்டவர் உன்னைப் பார்த்துக்குவார்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேம் அப்படித்தான் பேசுவாங்க என்றார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது பகல் பணிக்கு மாறிவிட்டேன். வாரத்தில் மூன்று மாலை வகுப்பு. இடம் கொடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்து எனக்கு உரிமம் வந்தாலும் அவளுக்குப் பிறகுதான் வரும். இனி அவளை முந்த வழியில்லை.

அன்று காலை அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடி எடுத்து, கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். குளிர் உள்ளே வந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் கோட்டுப் பையில ரெண்டு பென்சில் சீவி வெச்சிருக்கேன். போகலைன்னா திருப்பிக் குடுத்துரு, அது ஸ்கூலோடது."