தாம்பரத்தில் தொலைந்த பையன்

மெர்வினுக்கு நாற்பத்தாறு வயதாகிறது. ஆனாலும் கவிதை படிக்கிறவர்கள் கண்ணில் பட்டால், "அந்தப் பையன் நீங்கதானா சார்?" என்று கேட்டுவிட்டுத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆறு வயதில் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் தொலைந்து, அன்று மத்தியானமே கிடைத்துவிட்டவன் அவன். அவனுடைய அப்பா, கவிஞர் ஞானையா, அதைக் கவிதையாக எழுதிவிட்டதால் ஊரைப் பொறுத்தவரை இன்னும் கிடைத்தபாடில்லை.

பஸ் நெரிசல், தண்ணீர் லாரி, வாடகை வீடு என்று இந்த நகரத்தையே காலமெல்லாம் எழுதியவர் ஞானையா. செத்துப் பன்னிரண்டு வருடமாகியும் அந்த ஒரு கவிதை மட்டும் ஓயவில்லை. அதில் ஒரு தகப்பன் பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓடி, பூக்காரியிடமும் போர்ட்டரிடமும் கேட்டு, கடைசியில் எதிரே வருகிற கூட்டத்தையே கையெடுத்துக் கும்பிடுவான். கல்லூரிப் பிள்ளைகள் அதை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். புதிதாக எழுத வருகிற ஒவ்வொருவனும் முதல் கவிதையில் யாரையாவது ஒரு ஸ்டேஷனில் தொலைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறான்.

ஆனால் அன்று தேடியது ஞானையா இல்லை. அவர் பாரிமுனையில் ஆபீசில் இருந்தார். ஒண்டியாகத் தேடியது அம்மா சாராள். 'நான் தேடினேன், நான் அழுதேன்' என்று அப்பா எழுதியதை ஊரே கொண்டாடுவது மெர்வினுக்கு நாற்பது வருட வயிற்றெரிச்சல்.

இந்த வருட நினைவுநாள் கூட்டம் தாம்பரத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வாரம் முழுக்க ஊரப்பாக்கம் வீட்டுக்கும் சிறுசேரி ஆபீசுக்கும் அல்லாடியதில் மெர்வினுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. கூட்டம் நடத்துகிற சாலமன் சார் வழக்கம்போல அவனையே கவிதையை வாசிக்கச் சொல்லியிருந்தார். கவிஞரின் துணைவியார் என்று அம்மாவுக்கு ஒரு சால்வை உண்டு. இந்தத் தடவை மைக்கில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். பெருங்களத்தூரில் கார் நகராமல் நின்றபோது அதை அம்மாவிடம் சொன்னான்.

சாராள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவளோ கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அலுப்போடு சீட்டில் சாய்ந்தாள்.

"கவிதையைப் பாத்தப்ப எனக்கும் மொதல்ல கோவம்தான்ப்பா. ஆனா நீ கெடச்ச மறுநாள் அவரு லீவு போட்டுட்டு என் பக்கத்துல உக்காந்துட்டாரு. எந்தப் பக்கம் போன, யாரைக் கேட்ட, அவங்க என்ன சொன்னாங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. நான் அழுதுகிட்டே சொன்னேன். அதுல 'நான்'னு போட்டது மட்டும்தான் அவரு. மத்ததெல்லாம் நான் சொன்னது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவ கேட்டிருக்கியா?"

மெர்வினுக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்காக எவ்வளவோ கோபப்பட்டிருக்கிறான். அவளிடம் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்னால் நின்ற லாரி நகர்ந்தும் அவன் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

"இப்ப சொல்லும்மா," என்றான். "எங்கெல்லாம் தேடின?"

சாராள் வெகுநேரம் யோசித்துப் பார்த்தாள்.

"கவிதையில இருக்கிறதுதான்ப்பா இப்ப ஞாபகத்துல நிக்குது. மத்ததெல்லாம் போயிடுச்சு."

மேடையில் மெர்வின் எதையும் போட்டு உடைக்கவில்லை. கவிதையை இருந்தபடியே, ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தான். அம்மா தன்னை எப்படித் தேடினாள் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு இனி வேறு வழி இருக்கவில்லை.