சாவியில் தொங்கிய நாலு ரிப்பன்

சனிக்கிழமை காலை, முட்டை அடிக்கிற கரண்டியைத் தேடிச் சமையலறை இழுப்பறையைத் துழாவியபோது கையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். படகுச் சாவி. அதன் வளையத்தில் ஒரு பித்தளைத் திருகும் நாலு சிவப்பு ரிப்பன்களும் தொங்கின.

என் வீட்டுக்காரர் எல்டனும் மகள் நோரீனும் அந்த நேரத்தில் அந்தப் படகில்தான் இருந்தார்கள்.

எங்கள் ஏரிக்கரையில் படகு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அக்டோபரில் படகைக் கரையேற்றியதும் அடியில் உள்ள திருகைக் கழற்றித் தண்ணீரை வடியவிடுவார்கள். கழற்றிய திருகைச் சாவியிலேயே மாட்டிவிடுவார்கள். வசந்தத்தில் சாவியைத் தொடும்போது திருகு ஞாபகத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் படகு இறக்கிய இடத்திலேயே முழுகும். எல்டன் இதற்கும் ஒரு படி மேலே. குளிர்காலத்தில் எலி புகாமல் இருக்க, படகின் காற்றுத் துளைகள் நாலிலும் கந்தல் துணியை முழங்கை ஆழத்துக்குத் திணிப்பார். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு துணிக்கு ஒரு ரிப்பன் என்று கணக்காகச் சாவியில் கட்டிவிடுவார். வசந்தத்தில் துணியை உருவ உருவ ரிப்பனை அவிழ்ப்பார்.

நாலு ரிப்பனும் என் கையில் இருந்தன. அப்படியானால் நாலு துணியும் இன்னும் துளைக்குள்தான் இருக்கின்றன.

தப்பு யாருடையது? என்னுடையதுதான். மார்ச்சில் வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று கொக்கியில் தொங்கியதையெல்லாம் வாரி இழுப்பறையில் போட்டேன். போன வாரம் அவர் சாவியைத் தேடினார். என் கொத்திலிருந்த மாற்றுச் சாவியைக் கழற்றி, "இதை வெச்சு ஓட்டுங்க, சும்மா வீட்டைக் குடையாதீங்க" என்று கொடுத்தேன். திருகு இல்லையே என்றார். புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். அதனால் படகு முழுகவில்லை, ரிப்பனும் ஞாபகத்துக்கு வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானையைச் சறுக்கவிட்டவள் நான்.

அது எழுபத்தொன்றில் வார்த்த கண்ணாடியிழைப் படகு. பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், நேரே படகின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே குறுக்குக் கட்டைகளுக்கு அடியில் தண்ணீர் ஓட விட்ட துளைகள் அழுக்கேறித் தூர்ந்து கிடக்கின்றன. எது சிந்தினாலும் இன்ஜினுக்குக் கீழேயே தேங்கும். டாங்குக்குப் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறது என்று இரண்டு வருடமாகக் கத்துகிறேன். "சொட்டுதானே பெவ்" என்று என் பேரைச் சொல்லி மழுப்புவார்.

இதற்காகத்தான் ப்ளோயர் இருக்கிறது, அடிவயிற்று ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விசிறி. பெட்ரோல் போட்டதும் நாலு நிமிடம் அதை ஓடவிட்ட பிறகே இன்ஜினைக் கிளப்பவேண்டும். எல்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முப்பது வருடத்தில் அவர் ஒரு நொடி குறைத்ததும் இல்லை, கூட்டியதும் இல்லை. ஆனால் துளைகளை அடைத்துவிட்டு விசிறி சுற்றி என்ன பிரயோஜனம்? சத்தம்தான் வரும். ஆவி இருந்த இடத்திலேயே இருக்கும். சாவியைத் திருப்பினால் ஒரு பொறி போதும்.

அன்றைக்கு நான் வேண்டுமென்றேதான் வீட்டில் தங்கினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நோரீன் நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டொலீடோ நகரத்துக்கு வேலைக்குப் போனாள். "போனா இந்த வாசலை மிதிக்காதே" என்றார் அவர். அவளும் மிதிக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அப்பனும் மகளும் ஒரே அச்சு. முந்தின நாள்தான் வந்திருந்தாள். இரவுச் சாப்பாட்டில் உப்பைக்கூட என் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். படகில் தனியாக விட்டால் பேசித்தானே ஆகவேண்டும் என்று நானே அனுப்பினேன்.

எல்டனைக் கூப்பிட்டேன். மனுஷன் போனை வண்டியில் விட்டுவிட்டுப் போகிறவர். நோரீனைக் கூப்பிட்டேன். அவள் போன் சாப்பாட்டு மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டே மணியடித்தது. படகுத் துறை ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை. மே மாதச் சனிக்கிழமை, யார் எடுப்பார்கள்?

அடுப்பை அணைத்தேனா என்பதுகூட ஞாபகமில்லை. சாவியைக் கையில் இறுக்கியபடியே வண்டியை விரட்டினேன். முன்னால் ஒருத்தன் பெரிய படகை இழுவை வண்டியில் வைத்து ஊர்வலம் போகிறாற்போல் போனான். "ஏறி மிதிடா நாசமாப் போறவனே!" என்று கத்தினேன். புல்லில் இறக்கி அவனைத் தாண்டினேன்.

துறையில் பெட்ரோல் போடுகிறவன் லைல். அவன் குழாயைச் சுற்றி மாட்டிக்கொண்டிருந்தான். போட்டு முடித்தாயிற்று. படகு துறையின் கடைக்கோடியில் நின்றது. ப்ளோயர் சத்தம் கேட்டது, மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி. எல்டன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தின் முன்னால் நின்றார். வலது கை சாவியின் மேல். நோரீன் அவள் சின்ன வயதிலிருந்து உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அது இன்ஜின் மூடி.

"எல்டன்! சாவியைத் தொடாதீங்க!"

அந்தச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்கும்? ஓடினேன். இந்த முழங்காலோடு எவ்வளவு ஓட முடியும்? அவர் மணிக்கட்டு அசைவது போலிருந்தது.

"யோவ் எல்டன்!"

கையிலிருந்ததை வீசினேன். திருகு, சாவி, ரிப்பன் எல்லாமாகப் பறந்துபோய் அவர் தோளில் பட்டு முன்கண்ணாடியில் மோத, அதில் விரிசல் விழுந்தது.

"பைத்தியமாடி உனக்கு?" என்று திரும்பினார். கையைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டார். அது போதும் எனக்கு. பிறகு குனிந்து காலடியில் கிடந்ததைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"நோரீன், இறங்கு," என்றார். "மெதுவா. எதையும் தொடாதே."

அவள் இறங்கி என்னிடம் வந்தாள். லைல் ஓடிவந்து, ப்ளோயரை நிறுத்தட்டுமா என்று தடுமாறினான். "எந்த சுவிட்சும் வேணாம், அது பாட்டுக்கு ஓடட்டும். மொதல்ல துணி," என்றார் எல்டன். வெளியிலிருந்தே கையை விட்டு ஒவ்வொன்றாக உருவினார். நாலாவது துணி வந்ததும் விசிறியின் சத்தமே மாறிப்போனது. துளையிலிருந்து அடித்த பெட்ரோல் வாடையில் பத்தடி தள்ளி நின்ற எனக்கே கண் எரிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்ஜின் மூடியைத் தூக்கினார். கீழே குட்டையாகப் பெட்ரோல் தேங்கி நின்றது.

"அந்த வாடைகூடவா மேல வரலை?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் போட்ட எடத்துல பெட்ரோல் வாடைதானே வரும்னு நெனச்சேன்," என்றாள் நோரீன். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு நிமிஷத்துக்குள்ள வந்து சேர்ந்தேனே, அது என் அம்மா செஞ்ச புண்ணியம்டி."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ எங்க நாலு நிமிஷத்துல வந்தேம்மா? அது எப்பவோ முடிஞ்சுபோச்சு."

"பின்னே ஏன் அவர் திருப்பலை?"

"திருப்பத்தான் போனார். கை சாவி மேலதான் இருந்துது. 'நோரீன், அன்னிக்கு நான் சொன்னது இருக்கே...'ன்னு ஆரம்பிச்சார். ஆரம்பிச்ச மனுஷன் நிறுத்தவே இல்லை. வாட்சைப் பார்க்கவும் இல்லை. நான்தான் பார்த்தேன். ஒன்பது நிமிஷம் ஆயிருந்துது."

துறைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையை அடக்கவும் தோன்றவில்லை. எல்டன் நாலு ஈரக் கந்தலையும் கையில் பிடித்தபடி எங்களிடம் வந்தார். மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னும் சொல்லி முடிக்கலை பெவ்," என்றார். "பாதியில தூக்கி அடிச்சுட்டே."

"அப்போ முடிங்க. யார் தடுத்தா?"

படகின் மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, மூன்று பேரும் வாடை அடிக்காமல் காற்று வருகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தோம்.