தபசு காலம் முடிந்த பிறகு

ஜனவரியில் ஒருநாள் காலை லியோவின் வலது கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியது. போர்வை உரசினாலே உயிர் போனது. ஷூ போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தவனை மனைவி சகாயசெல்விதான் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனாள். இருவரும் அண்ணாமலை நகரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு நூலகத்தில் வேலை. அவன் கடலூரில் ஒரு பைக் ஷோரூமில் மேனேஜர். தினமும் பஸ்ஸில் போய் வருவான்.

"ரத்தத்துல யூரிக் ஆசிட் ஜாஸ்தி. கிட்னியும் கொஞ்சம் சுணங்கியிருக்கு. என்ன சாப்பிடுறீங்க?" என்றார் டாக்டர்.

"எல்லாரும் சாப்பிடுறதுதான் மேடம்."

செல்வி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மதியம் கஸ்டமர்களோடு பிரியாணி. சாயங்காலம் ஷோரூம் பையன்களோடு ஷவர்மா. ராத்திரி போனில் ஆர்டர் போட்டு வரும் தந்தூரி. ஞாயிறு பூசை முடிந்தால் ஈரலும் குடலும். போன வருஷத் தபசு கால நோன்புக்குப் பிறகு கறி இல்லாத நாள் எது என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

"ஒரேயடியா விடச் சொல்லல. தினமும் வேணாம். ஈரல், குடல், எறா தொடாதீங்க. முக்கியமா வலி மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க, கிட்னிக்கு ஆவாது."

ஒரு வாரம் லியோ அடங்கியிருந்தான். வலி போனதும் போனைக் கையில் எடுத்தான்.

பிறகு நாற்பது நாள் தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியவன், "ஈஸ்டர் வரைக்கும் கறி வேணாம் செல்வி" என்றான். வருஷா வருஷம் இருப்பதுதான். சொன்னால் சொன்னபடி இருப்பான். செல்வி கத்திரிக்காய் கொத்சு வைத்தாள், மொச்சைக் குழம்பு வைத்தாள், முருங்கைக்கீரை பொரித்தாள். அவன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். வீக்கம் மறுபடி வரவில்லை. மறு பரிசோதனையில் எல்லாமே கொஞ்சம் இறங்கியிருந்தது. இப்படியே போய்விடும் என்று செல்வி நம்பத் தொடங்கினாள்.

ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால் லியோவின் அண்ணன் மரியலூர்துக்குப் போன் செய்தாள்.

"மாமா, அவருக்கு நல்லா ஆயிட்டு வருது. இந்தத் தடவ கறி கொஞ்சமா போதும்."

"என்னம்மா சொல்ற? பண்டிகை அன்னிக்கு என் தம்பிய சாம்பார் சாதம் திங்கச் சொல்றியா? ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

கடலூரில் அண்ணன் வீட்டில் ஆடே அறுத்திருந்தார்கள். லியோ இலையில் உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற செல்வியைப் பார்க்காமல் சாப்பிட்டான். நல்லி எலும்பை மரியலூர்து தன் கையாலேயே தேடி எடுத்து வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாள். "ஆண்டவருக்காக அத்தன நாள் இருக்க முடியுது. உங்களுக்காக இருக்க முடியாதாங்க?"

லியோ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "எங்கப்பா மங்கலம்பேட்டைல கொத்து வேலை செஞ்சாரு. எங்க வீட்டுல வருஷத்துக்கு நாலு நாள் கறி. மத்த நாள் பக்கத்து வீட்டு வாசனைதான். தினமும் திங்கணும்னுதான் செல்வி நான் படிச்சேன்."



மறுவாரமே பழையபடி ஆனது. ஆனால் கால் வீங்கவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகம். ஒருநாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை இருந்தது.

"வலி வரும்னு தெரிஞ்சு, முன்னாடியே மாத்திரைய போட்டுட்டுத் திங்கிறீங்களா?"

அவன் மறுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கே தெரியுது. சாயங்காலம் ஆனா கை தானா போனுக்குப் போவுது. நீ திட்டு, அடிச்சுக்கூடப் போடு. என்னால முடியல."

அவள் அடிக்கவில்லை. போனிலிருந்து சாப்பாட்டு ஆப்பை அழித்தாள். அவன் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். வீட்டில் வைத்த கீரை மறுநாள் குப்பைக்குப் போனது.

ஆகஸ்டில் ஷோரூமில் மயங்கி விழுந்தான். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முகமும் காலும் உப்பியிருந்தன. "கிட்னி ரொம்ப கெட்டுப் போச்சு. பழையபடி திரும்புறது கஷ்டம். இனிமே டயாலிசிஸ்தான்" என்றார்கள் டாக்டர்கள். செல்வி தலையாட்டினாள். அதைத் தவிர அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் மரியலூர்து வந்தார். கையில் ஒரு பெரிய பிளாஸ்க். தம்பியின் உப்பிய காலைத் தடவிக் கொடுத்தார்.

"ஆட்டுக்கால் சூப்பு. வீட்டுல உங்கக்கா விடிகாலையிலேயே எழுந்து வச்சா. ஒடம்புல ரத்தமே இல்ல பாரு. ஒரு டம்ளர் குடிச்சான்னா தெம்பு வந்துடும்."

"மாமா, டாக்டர் கூடாதுன்னு..."

"நான் அவனுக்குக் கெடுதல் செய்வனா செல்வி?" கேட்டுக்கொண்டே அவர் அழுதுவிட்டார்.

லியோ கண்களைத் திறந்து பிளாஸ்க்கைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"ஒரே ஒரு வாய்" என்றான்.

செல்வி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். கீழே கொட்ட மனம் வரவில்லை. உள்ளே எடுத்துப் போகவும் கால் வரவில்லை. மூடியைத் திருகி இறுக்கினாள். உள்ளேயிருந்து லியோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.