பன்னிரண்டு பேர் குறைவு

கோர்ட் உத்தரவால் ராஜபாளையம் ரோட்டிலிருந்த டாஸ்மாக் கடையை மூடியபோது தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தவள் நான். என் அவசரப் புத்தி அப்படி. இரண்டே மாதத்தில் அதே கடை எங்கள் தெரு முனைக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சிவனாண்டி குடியை விட்டு அப்போது ஏழு மாதம். மில் வேலை முடிந்து பஸ் இறங்கினால், அந்த முனையைத் தாண்டாமல் வீட்டுக்கு வர முடியாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு வேலுத்தாயைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸுக்குப் போனேன்.

"மெயின் ரோட்டுல இருந்து ஐநூறு மீட்டர் தள்ளித்தானே சார் கடை இருக்கணும்? இது முந்நூறுதான் இருக்கு" என்றேன்.

அதிகாரி பேப்பரைப் புரட்டினார். "இருபதாயிரம் பேருக்கு மேல உள்ள ஊருக்குத்தாம்மா ஐநூறு. மத்த ஊருக்கு இருநூத்தி இருபது போதும். மக்கள்தொகைக் கணக்குப்படி உங்க பேரூராட்சியில அதுக்குப் பன்னெண்டு பேரு குறையுது."

"பன்னெண்டு பேருக்காகவா இம்புட்டும்?" என்று வேலுத்தாய் கத்தினாள்.

ஊருக்குத் திரும்பியதும் வீடு வீடாக ஏறினோம். இரண்டாயிரத்துப் பதினொன்றில் கணக்கெடுக்க வந்தபோது யாரையாவது விட்டீர்களா என்று கேட்டோம். விட்டிருந்தோம். பேர் வைக்காத பச்சைப்பிள்ளைகளை யாருமே சொல்லவில்லை. பேரே இல்லாததை என்னவென்று எழுதச் சொல்வது? என் மாரிச்செல்வி அப்போது பிறந்து எட்டு நாள். நானும்தான் வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எங்கள் பட்டியலில் பதினாறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

மறுநாள் அந்தப் பட்டியலை அதிகாரி பொறுமையாகப் படித்தார். "நீங்க சொல்றது நெசமா இருக்கலாம். ஆனா பழைய கணக்கை நான் திருத்த முடியாது. அடுத்த கணக்கெடுப்பு வரட்டும்மா."

"அதுவரைக்கும் எம் வீட்டுக்காரரு தாங்கணுமே சார்!"

அவர் பட்டியலை மடித்து என்னிடமே நீட்டினார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் இறங்கினார். "ஏட்டி, நீ எதுக்கு வந்த?" என்றார். சும்மாதான் என்றேன். இரண்டு பேரும் நடந்தோம்.

முனையில் பழைய கூட்டாளி மலைச்சாமி நின்றிருந்தான். "ஏலே சிவனாண்டி, செத்த நேரம் வாலே" என்றான்.

அவர் நின்றுவிட்டார். தெருவில் என் பக்கத்தில்கூட நடக்காத மனுஷன், அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்க வேர்வை.

"என்னைய இழுத்துட்டுப் போயிரு" என்றார்.